பன்றிக்கு எந்த போர்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஹல்த்வானியில் குளிர் ஆரம்பித்திருந்தது. தங்கமணி உப்புமா கிண்டிக்கொண்டிருக்க, நான் ஹிந்திப் பேப்பரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். (இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருஷமாகிறது. இன்னும் எழுத்துக் கூட்டல்தான்.) ஊரிலிருந்து அப்பா போன்.

அப்பாவின் போனுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மழை, அப்புறம் கிணற்றுத் தண்ணீர், அப்புறம் யார் வீட்டில் கல்யாணம், கடைசியில் "பாப்பா நல்லா படிக்குதா?" அன்றைக்கு வரிசை மாறிவிட்டது.

"ஏம்ப்பா, பன்னி சுட எந்தத் துப்பாக்கி வாங்கறது? உங்க ஊர்லதான் வீட்டுக்கு ஒண்ணு வெச்சிருக்கானாமே?"

ஒரு நிமிஷம் எனக்கு வாய் வரவில்லை. என் அப்பா பாம்பைக்கூட அடிக்காமல் "போ சாமி" என்று வழிவிடுகிற ஆள். எங்கள் காடு தர்மபுரிப் பக்கம், மூன்று ஏக்கர். அதில் பாதி குச்சிக்கிழங்கு, பாதி நிலக்கடலை. ஒரே வாரத்தில் பன்றிகள் வந்து குச்சிக்கிழங்கில் கால்வாசியைக் கிளறிப் போட்டுவிட்டனவாம். டிராக்டர் விட்டு உழுத மாதிரி இருக்கிறது என்றார்.

"விசாரிச்சுச் சொல்றேம்ப்பா" என்று வைத்துவிட்டேன். விசாரிக்க ஒன்றுமில்லை. விடை எனக்கு 2016-லேயே தெரியும். அதைச் சொல்லத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. அதை இங்கேயும் எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பந்த்நகர் தொழிற்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே காலிபர், வெர்னியர் காலிப்பர். அதை வைத்துக்கொண்டு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று சப்ளையர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வது என் தொழில்.

ஹல்த்வானியில் எங்கள் வீட்டுக்காரர் குமாவுன் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்ற சுபேதார். எல்லோருக்கும் 'சுபேதார் சாப்'. அவருக்குக் காலாதூங்கிப் பக்கம், காட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம். காலாதூங்கி என்றால் ஜிம் கார்பெட் குளிர்காலத்தில் வந்து தங்கிய ஊர். அவர் வீடு இப்போது மியூசியம். ஊரிலிருந்து யார் வந்தாலும் நைனிதால் போகிற வழியில் அங்கே இறக்கிக் காட்டுவது நம் வழக்கம்.

2016 பிப்ரவரி 3-ந்தேதி மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. உத்தராகண்டில் காட்டுக்கு வெளியே காட்டுப்பன்றியைப் பயிருக்குத் தீங்கு செய்யும் பிராணி என்று ஒரு வருஷத்துக்கு அறிவித்தார்கள். அதற்கு முன் 2015 டிசம்பரில் பீகாருக்கு இதே மாதிரி பன்றிக்கும் நீல்காய்க்கும் வந்தது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இந்த நாட்டில் பொழுதுபோக்கு வேட்டை என்பதே கிடையாது. மானைச் சுட்டால் ஜெயில். அதில் இப்படி ஒரு ஜன்னல் திறந்ததும், காலாதூங்கிப் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை ஒரே பேச்சுதான்: பன்றிக்கு எந்த போர் நல்லது?

'போர்' என்றதும் முதலில் எனக்கும் மகாபாரதம்தான் ஞாபகம் வந்தது. இங்கே போர் என்றால் துப்பாக்கிக் குழலின் உள்ளளவு. 'பாரா போர்' என்றால் பன்னிரண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால் ஓர் உருண்டை என்ன விட்டம் வருமோ, அதுதான் அந்தக் குழலின் அளவு, ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர். 'தீன் சௌ பந்த்ரஹ் போர்' என்றால் .315. அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் 315 பங்கு, சுமார் எட்டு மில்லிமீட்டர். ஒன்று ஈயத்தின் எடைக் கணக்கு, இன்னொன்று நீளக் கணக்கு. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். தரக்கட்டுப்பாட்டு ஆசாமிக்குத் தூக்கம் வருமா?

சுபேதார் சாப்பிடம் இருந்தது .315. கொல்கத்தா பக்கம் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது. எருமைக்கொம்பு மாதிரி கறுத்துப்போன பழைய துப்பாக்கி. பக்கத்து நிலத்துக்காரர் ஒரு ரோடு காண்டிராக்டர், நாற்பது வயதுக்காரர். அவரிடம் புத்தம்புதிய .30-06, அதன் மேல் தொலைநோக்கி. 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா, அதனால்தான் அந்த 06. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருவருக்கும் வாரா வாரம் வாக்குவாதம். நான் நடுவில் டீ குடிக்கும் பார்வையாளன்.

ஒருநாள் காண்டிராக்டர் என்னிடம் திரும்பி, "இஞ்ஜினியர் சாப், நீங்கள் கணக்குப் போடுகிற ஆள். நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

கெட்டது காரியம். கணக்கு என்று சொன்னால் நான் சும்மா இருப்பேனா? இரண்டு ராத்திரி உட்கார்ந்து எக்ஸெலில் ஒரு பட்டியல் போட்டேன்.

முதல் வரிசை .22. சின்னத் தோட்டா, சக்தி சுமார் 150 ஜூல். முயலுக்கே யோசிக்க வேண்டும், பன்றிக்கு அது சித்திரவதை. தள்ளு. அடுத்து பன்னிரண்டு போர். குழலில் வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கி. எல்.ஜி. என்கிற பெரிய ஈயக் குண்டுகள் போட்டால் கிட்டத்தில் நன்றாக வேலை செய்யும். முப்பது நாற்பது அடி தாண்டத் தாண்டக் குண்டுகள் சிதற ஆரம்பிக்கும், எது எங்கே படும் என்று கணக்கில்லை. அடுத்து .315. 244 கிரெயின் குண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிராம். கனமானது, வேகம் குறைவு. சக்தி சுமார் 3,000 ஜூல். நூறு மீட்டருக்குக் குறி சரிசெய்து வைத்தால், இருநூறில் ஒரு சாணுக்கு மேலேயே கீழே இறங்கிவிடும். கடைசியில் .30-06. 180 கிரெயின், 12 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. வேகம் அதிகம், சக்தி 3,800 ஜூலைத் தாண்டும். இருநூறு மீட்டர் வரை குண்டு கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், நாலைந்து அங்குலம்தான் வித்தியாசம்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணமெல்லாம் அடித்தேன். .30-06 வரிசை முழுக்கப் பச்சை. காண்டிராக்டருக்கு வாயெல்லாம் பல். ஒரு பிரதி எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சுபேதார் சாப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "நல்ல வேலை. ஆனால் இந்த .315 எப்படி வந்தது தெரியுமா?" என்றார்.

தெரியாது. சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். 1857-ஐ மறக்காத வெள்ளைக்கார சர்க்கார் 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டது. அதன் பிறகு அவர்களுடைய ஒரே கவலை, ராணுவத் தோட்டா ஊர்க்காரர்கள் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பது. 1907-ல் .450 அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் விடக்கூடாது என்று தடை வந்து, லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .470, .465 என்று புதுப்புது அளவுகளைச் செய்ய வேண்டியதாயிற்று. ராணுவத்தின் .303-ஐயும் மற்றவர்கள் தொடக்கூடாது. அப்படியானால் வேட்டைக்கு என்ன விற்பது? ஆஸ்திரியா ராணுவத்தின் எட்டு மில்லிமீட்டர் தோட்டாவைத் தேடிப் பிடித்தார்கள். இந்தியாவில் எந்த ராணுவக் கிடங்கிலும் அது கிடைக்காது. அதுதான் .315. வெள்ளைக்காரர் போனார்கள், 1959-ல் நம் ஆயுதச் சட்டம் வந்தது, ராணுவ அளவுகள் இன்றும் தடைதான், .315-ம் இன்றும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்து ரவுடிகளின் கள்ளத் துப்பாக்கிகூட '315 போர் தமஞ்சா' என்றுதான் தினமும் பேப்பரில் வருகிறது.

"பன்றியைப் பார்த்து யாரும் இந்த அளவைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிப்பாயைப் பார்த்துப் பயந்து தேர்ந்தெடுத்தார்கள்" என்று சிரித்தார் சுபேதார் சாப். "நமக்குக் கிடைத்தது இதுதான் என்று தெரிந்த பிறகு, இதை வைத்து எவ்வளவு கிட்டத்தில் போகலாம் என்பதுதான் யோசனை. கார்பெட் சாப் 1907-ல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக கவர்னர் கொடுத்த துப்பாக்கி .275. குண்டு இதைவிடச் சின்னது. உங்கள் பட்டியலில் போட்டால் என்ன வண்ணம் வரும்?"

போட்டுப் பார்த்தேன். சக்தி கிட்டத்தட்ட .315 அளவுதான். மஞ்சள்.

பேச்சு அப்படியே மானுக்குத் திரும்பியது. அந்த வருஷம் ஜூனில் பீகாரில் மோகாமா பக்கம், ஹைதராபாத்திலிருந்து வரவழைத்த துப்பாக்கிக்காரர்கள் 200-க்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டிருந்தார்கள். மத்திய அமைச்சர்களே ஒருவரையொருவர் பேப்பரில் திட்டிக்கொண்டார்கள். "அங்கே நீல்காய் என்றால் இங்கே புள்ளிமானையும் சேர்த்தால் என்ன? அதுவும்தான் கோதுமையை மேய்கிறது" என்றார் காண்டிராக்டர். சுபேதார் சாப் முகம் மாறிவிட்டது. "அறிவிக்கையில் பன்றி என்று இருக்கிறது. மான் என்று இல்லை. படித்தவர்தானே நீங்கள்?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்டோபர் மாதம். நெல் அறுப்புக்கு இன்னும் பத்து நாள். இரண்டு நிலத்திலும் பன்றிகள் இறங்கிவிட்டன. வனத்துறை ஆள் ஒருவர் கூட இருக்க, காவலுக்கு உட்காரலாம் என்று முடிவானது. நானும் வருகிறேன் என்றேன். தங்கமணி, "நீங்க எலிப்பொறியில எலி மாட்டினாலே பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடற ஆளு" என்று சர்டிபிகேட் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

சுபேதார் சாப் மச்சான் கட்ட வேண்டும் என்றார். யாருக்கு யார் மச்சான் என்று நான் விழிக்க, அது நம் ஊர்ப் பரண் என்று தெரிந்தது. நாலு கம்பு, மேலே பலகை, பத்தடி உயரம். பன்றிக்குப் பயந்து ஏறுகிறோம் என்று நினைத்தேன். அதுவல்ல காரணம். மேலிருந்து கீழே சுட்டால் தவறின குண்டு மண்ணில் புதையும். தரையில் நின்று சுட்டால் அது பயிரைத் தாண்டி எந்த வீட்டு வாசலுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? ரைஃபிள் குண்டு மைல் கணக்கில் போகக்கூடியது. என் எக்ஸெலில் இதற்கு ஒரு கட்டமே இல்லை.

அப்புறம் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் பன்றி வரைந்தார். "பன்றியின் முதுகில் திமிலும் பிடரி மயிரும் இருக்கிறதல்லவா, அது கண்ணை ஏமாற்றும். நடு உடம்பு என்று நினைத்து நீ பார்க்கிற இடம் உண்மையில் மேலே, பின்னால். இதயம் இங்கே இருக்கிறது" என்று முன்னங்காலுக்கு நேரே, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் புள்ளி வைத்தார். என் உள்ளங்கை அளவு இடம். "இதற்குப் பின்னால் பட்டால் குடல். குடலில் பட்டால் பீரங்கியால் சுட்டாலும் ஒன்றுதான். ஐம்பது அடிக்கு மேல் நான் சுடமாட்டேன். நீங்களும் சுடாதீர்கள்."

காண்டிராக்டர் தலையாட்டினார். அவர் நிலத்தில் அவருக்குத் தனி மச்சான், நூறு கஜம் தள்ளி. டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று நான் அவரோடு போனேன்.

இரவு 11 மணி 20 நிமிடம். நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, தொழில் பழக்கம். நெல்லில் சரசரப்பு. அப்புறம் வயலின் மறு ஓரத்தில், வாய்க்கால் மேட்டில், ஒரு கறுப்பு. காண்டிராக்டர் காதோடு கேட்டார், "எவ்வளவு இருக்கும்?"

"நூற்று நாற்பது மீட்டர் இருக்கும்" என்றேன். பெரிய மேதாவி மாதிரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்கள் துப்பாக்கிக்கு இது பிரச்சினையே இல்லை. இரண்டு அங்குலம்கூட மாறாது" என்றும் சொன்னேன்.

அவர் சட்டைப் பையில் அந்தக் காகிதம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

டார்ச்சைப் போட்டேன். கறுப்பு திரும்பியது. துப்பாக்கி வெடித்தது. ஒரு கத்தல். அதைப் பன்றியின் சத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் உன்னிப் புதருக்குள் எதுவோ முறித்துக்கொண்டு ஓடுகிற ஓசை. அப்புறம் ஒன்றுமில்லை.

சுபேதார் சாப் வந்து சேர்ந்தார். திட்டவில்லை. பட்ட இடத்துக்குப் போய்க் குனிந்து புல்லைத் தொட்டு முகர்ந்தார். ரத்தம் கொஞ்சம்தான். பச்சையாக எதுவோ ஒட்டியிருந்தது. "குடல்" என்றார். ஒரே வார்த்தை.

காண்டிராக்டர், "காலையில் தானே செத்துவிடும்" என்றார்.

"சாகும். இன்றைக்கோ நாளைக்கோ. அதற்குள் யாராவது விறகு பொறுக்க அந்தப் புதருக்குள் போவார்கள்." காயம்பட்ட பன்றியை ராத்திரியில் புதருக்குள் தேடுவது தற்கொலை என்று வனத்துறை ஆளும் சொல்லிவிட்டார். விடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். யாரும் பேசவில்லை. இரண்டு மூன்று தடவை புதருக்குள் இருந்து மூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. எனக்குக் கேட்டது மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வெளிச்சம் வந்ததும் சுபேதார் சாப் முன்னால், வனத்துறை ஆள் பின்னால், நாங்கள் இருவரும் கடைசியில். புதரில் நாற்பது அடிகூட உள்ளே போகவில்லை அது. உட்கார்ந்த நிலையில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து வரப் பார்த்தது, பின்னங்கால் வரவில்லை. சுபேதார் சாப் பத்தடிக்குப் போய்ச் சுட்டார். அதே எட்டு மில்லிமீட்டர், அதே மஞ்சள் வண்ணத் துப்பாக்கி. அப்படியே சாய்ந்தது.

மணி 6.40.

வனத்துறை ஆள் அளந்து எழுதிக்கொண்டார். .30-06 குண்டு ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்திருந்தது. என் பட்டியலில் சொன்ன வேலையை அது ஒரு அங்குலம் குறையாமல் செய்திருந்தது. வேகம் சரி, சக்தி சரி. இடம் மட்டும்தான் ஒன்றரைச் சாண் பின்னால். டார்ச் வெளிச்சத்தில் திரும்புகிற ஓர் உருவத்தை, நூற்று நாற்பது மீட்டரிலிருந்து, அனுபவமில்லாத ஒருவரைச் சுடவைத்தது துப்பாக்கியல்ல. 'பிரச்சினையே இல்லை' என்று சொன்ன நான்.

காண்டிராக்டர் அதற்கப்புறம் மாடிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். என்மேல் ஒரு வார்த்தை பழி சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சுபேதார் சாப் மட்டும் திரும்புகிற வழியில் ஜீப்பில், "இஞ்ஜினியர் சாப், பெரிய போர் நல்லதுதான். அது தூரமாகச் சுடலாம் என்று காதில் ஓதும், அது மட்டும்தான் கெட்டது" என்றார்.

அந்த எக்ஸெல் இன்னும் என் கணினியில் இருக்கிறது. அழிக்கவில்லை. கடைசியில் ஒரு வரிசை சேர்த்து வைத்திருக்கிறேன்: 7 மணி 20 நிமிடம். அதற்கு எந்த வண்ணமும் அடிக்கவில்லை.

சுபேதார் சாப்புக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு, யாரும் கேட்காமலே துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். "தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்துப் பழக்கம்தானே" என்றார். அது உண்மை. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகள் ஸ்டேஷனுக்குப் போய்விடும். பன்றிகளுக்கு நடத்தை விதிமுறை கிடையாது.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

மறுநாள் சாயங்காலம் நானே போன் செய்தேன். முதலில் சட்டத்தைச் சொன்னேன். 1959 சட்டத்தில் பயிர்க் காவலுக்கு என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பதே குழல் வாயில் மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியைத்தான். அப்படி லைசென்ஸ் வாங்கினாலும், பன்றியைச் சுடும் அனுமதி அதில் இல்லை, அது வேறு சட்டம். கேரளாவில் 2022-ல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார்கள். நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் முடிவானது வேறு மாதிரி. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை வனத்துறை பிடித்துக் காட்டில் விடும். மூன்றுக்கு மேல் போனால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான்.

"நம்ம காட்டுக்கும் ஃபாரஸ்டுக்கும் எவ்வளவுப்பா இருக்கும்?"

"ஒண்ணரை கிலோமீட்டர் இருக்கும்."

"அப்ப நமக்குக் கூண்டுதான். துப்பாக்கி இல்ல."

அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு மெதுவாக, "உங்க தாத்தா காலத்துல வெச்சிருந்தாங்க" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "துப்பாக்கி கெடச்சா அது வேண்டியதில்லைன்னு பாத்தேன்" என்றார.

"எது?"

"கம்பி வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டு சுருள். மோட்டார் ரூம்ல கெடக்கு. பக்கத்துக் காட்டுல ராத்திரி ராத்திரி இழுத்துவுடறான். அவங்காட்டுக்குப் பன்னி வர்றதில்ல. எல்லாம் நம்ம காட்டுக்கு வருது."

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. துப்பாக்கி கேட்டபோது சிரித்துக்கொண்டு வைத்தவன் நான். மோட்டார் லைனிலிருந்து நேராகக் கம்பிக்குக் கரண்ட் கொடுப்பது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் இப்படிப் போட்ட கம்பியில்தான் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன, இரண்டு குட்டிகள் பக்கத்தில் நின்றன. எங்கள் மாவட்டம்தான். யானை செத்ததால் நாடு முழுக்கத் தெரிந்தது. கம்பிக்கு யானை, பன்றி, ஆடு மேய்க்கிற பையன் என்று வித்தியாசம் தெரியாது.

அப்பாவிடம் காலாதூங்கி ராத்திரியை முதல் தடவையாகச் சொன்னேன். ஒன்பது வருஷமாக வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. டார்ச்சைச் சொன்னேன், காகிதத்தைச் சொன்னேன், ஏழு மணி இருபது நிமிடத்தைச் சொன்னேன்.

"அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால ஒரு மனுஷன் இருந்தான்ப்பா. அவன் தப்புப் பண்ணினான், நானும் பண்ணினேன். ஆனா காலைல போய்த் தேடி முடிக்கறதுக்கு ஒரு மனுஷன் இருந்தாரு. கம்பிக்குப் பின்னால யாரு இருக்கா? நீங்க தூங்கிட்டிருப்பீங்க. அது எதுன்னு பாக்காம அடிக்கும்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "சரி, போன்ல காசு போவுது" என்று வைத்துவிட்டார். (போன் நான் செய்தது!)

அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியான தூக்கமில்லை. சோலார் வேலி பற்றி விசாரித்தேன். அதில் கரண்ட் நொடிக்கு ஒரு தடவை மாதிரி சின்னச் சின்னத் துடிப்பாகத்தான் போகும். தொட்டால் சுளீர் என்று அடிக்கும், பிடித்துக்கொண்டு கொல்லாது. அதற்கும் 2023-ல் தமிழக அரசு பதிவு விதிகள் கொண்டுவந்திருக்கிறது, முறையாகத்தான் போட வேண்டும். பன்றிக்குக் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், புல் வளர்ந்து அதில் பட்டால் வேலை செய்யாது, வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எழுபது வயதில் அப்பாவால் முடியுமா? ஆள் கூலிக்கு மாதம் பணம் அனுப்புகிறேன் என்று சொல்லலாம். கூடவே, நான் அங்கே இருந்தால் பரணில் நானே உட்காரலாம் என்றும் தோன்றியது. தோன்றி என்ன, அடுத்த நாள் காலை ஷிப்ட்.

நேற்று அப்பா போன். முதலில் மழை. அப்புறம் கிணறு. அப்புறம் வனத்துறை அலுவலகத்தில் கூண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், கூண்டு இன்னும் வரவில்லை. அதற்குள் பன்றி மேலும் இரண்டு பாத்தியைத் தின்றுவிட்டது.

"அந்தக் கம்பி?" என்றேன்.

"கடையில திருப்பிக் குடுத்துட்டேன். நூறு ரூவா புடிச்சுக்கிட்டான்."

பிறகு, "பாப்பா நல்லா படிக்குதா?" என்றார்.

ஊரில் காடு கழனியோடு அப்பா அம்மாவை விட்டுவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை போனில் மழை விசாரிக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். இந்த வாரம் பேசும்போது, மழையோடு சேர்த்து மோட்டார் ரூமில் என்ன கிடக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.